மாஷை அடுப்பில் வைத்தே சூடாக்குவது: வீட்டில் பீர் காய்ச்சுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில், தரைவீடு ஒன்றின் பின்கட்டுச் சமையலறையில், எரிவாயு அடுப்பில் ஏற்றிய ஒரே அண்டாவில் சில ஆண்டுகளாகப் பீர் காய்ச்சி வருகிறேன். புதிதாகத் தொடங்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியே அமைகின்றன: மாஷ் இருக்கும் பாத்திரத்துக்கு அடியில் நேராகத் தீ மூட்டலாமா, மூட்டினால் அடிபிடிக்காதா, பிடித்துவிட்டால் என்ன செய்வது. அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன். குறிப்பிடும் வெப்பநிலைகள் யாவும் செல்சியஸ் அளவில் உள்ளவை.

மாஷ் என்றால் என்ன? அதை எதற்காகச் சூடாக்க வேண்டும்?

நொறுக்கிய பார்லி மால்ட்டைச் சுடுநீரில் கலந்து, குறிப்பிட்ட வெப்பத்தில் ஊறவிடும் கூழைத்தான் மாஷ் என்கிறோம். பார்லியை முளைக்கவிட்டு உலர்த்தியதே மால்ட். முளைக்கும்போது அதனுள் நொதிகள் உருவாகின்றன. சுடுநீர் பட்டதும் அவை தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்குகின்றன. கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. முளைகட்டிய மாவில் காய்ச்சிய கஞ்சி, சாதா மாவுக் கஞ்சியைக் காட்டிலும் நீர்த்து, லேசான இனிப்போடு இருப்பதற்கும் இதே வகை நொதிகளே காரணம்.

அவற்றுள் இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரி வரையில் நன்றாக வேலை செய்து, ஈஸ்ட் எளிதில் உண்ணக்கூடிய மால்டோஸ் என்னும் சர்க்கரையைத் தருகிறது. 70 டிகிரியைத் தொட்டால் சில நிமிடங்களிலேயே அதன் பலம் குறையத் தொடங்கிவிடும். ஆல்ஃபா அமைலேஸ் 68 முதல் 72 வரையில் சிறப்பாக வேலை செய்யும்; 78, 80 என்று ஏறினால் அதுவும் ஓய்ந்துவிடும். ஒரே வெப்பத்தில், ஏறக்குறைய 67 டிகிரியில், ஒரு மணி நேரம் ஊறவிட்டால் இரண்டும் சேர்ந்து ஓரளவு வேலையை முடித்துவிடும். பீர் மெலிதாக, இனிப்புத் தங்காமல் வர வேண்டும் என்று விரும்பினால், முதலில் 62 டிகிரியில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், பிறகு 71 டிகிரியில் இருபது நிமிடம், கடைசியாக வடிகட்டுவதற்கு முன் 76 டிகிரி என்று படிப்படியாக ஏற்ற வேண்டும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறுவதற்குத்தான் சூடு தேவைப்படுகிறது.

அந்தச் சூட்டைக் கொதிநீர் ஊற்றியே கொடுத்துவிடலாமே?

தாராளமாகக் கொடுக்கலாம். சூடு வெளியேறாமல் காக்கும் என்று ஐஸ் பெட்டியில் மாஷ் செய்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். நான் வழக்கமாக 4 கிலோ மால்ட்டை 13 லிட்டர் தண்ணீரில் கலக்கிறேன். மால்ட்டின் வெப்பக் கொள்ளளவு தண்ணீருடையதில் ஐந்தில் இரண்டு பங்கு என்பதால், இந்தக் கூழ் முழுவதையும் ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 61 கிலோஜூல் வேண்டும். 62 டிகிரியிலிருந்து 71 டிகிரிக்குக் கொதிநீரால் ஏற்றினால் நாலரை லிட்டர் போகும்; அங்கிருந்து 76 டிகிரிக்கு இன்னும் நான்கு லிட்டர். எட்டரை லிட்டர் தண்ணீர் கூடுதலாக உள்ளே போய்விட்டால் அண்டா ததும்பும், தானியத்தைக் கழுவி எடுப்பதற்கென்று வைத்திருந்த தண்ணீரின் பெரும்பகுதியும் தீர்ந்துபோகும். அடியில் தீ மூட்டினால் ஒரு சொட்டு நீர்கூடச் சேராமல் அதே வேலை முடிகிறது. நேரடிச் சூட்டின் ஆதாயம் இதுதான். இரண்டாவது பாத்திரமோ, பம்போ, தனிக் கருவியோ தேவைப்படாததால் செலவும் குறைவு.

அடிபிடிப்பது ஏன்? தண்ணீர்தான் நிறைய இருக்கிறதே?

அண்டா முழுவதும் ஒரே மாதிரி தண்ணீராக இருந்தால் அடிபிடிக்காது. சுடுநீர் லேசாகி மேலே எழும்பி, குளிர்ந்த நீர் கீழே இறங்கி, சூடு தானாகவே பரவிவிடும். கூழ் அப்படி அசையாது. தானியமும் மாவும் கனமாகக் கீழே படிந்து, அண்டாவின் அடியில் ஒரு மெத்தைபோல் கிடக்கின்றன. தீயின் சூடு முதலில் அந்த மெத்தையைத்தான் தாக்குகிறது. அதற்கு மேல் போக வழியில்லாமல் அங்கேயே தங்குகிறது. நடுவில் செருகிய வெப்பமானி 62 என்று காட்டிக்கொண்டிருக்கும்போது, அடித்தகட்டை ஒட்டிய விரற்கடைக் கூழ் கொதிநிலையையும் தாண்டியிருக்கலாம். அங்கே நடப்பது இரண்டு கேடுகள். ஒன்று கண்ணுக்குத் தெரிவது: சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பேறி, கருகி, தீய்ந்த வாசம் கிளம்பும். மற்றொன்று தெரியாதது: அந்த அடுக்கில் இருக்கும் நொதிகள் செத்துப்போகும். தீய்ந்த வாசம் வராவிட்டாலும், கிண்டாமல் சூடாக்கிய மாஷில் சர்க்கரை எதிர்பார்த்த அளவு இறங்காமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

புதிதாக வருபவர்கள் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. மாஷ் எல்லா வெப்பத்திலும் ஒரே அளவில் அடிபிடிப்பதில்லை. பார்லி மாவுச்சத்து ஏறக்குறைய 60 டிகிரியை ஒட்டி வெந்து பசையாகிறது. பசையான பிறகுதான் நொதிகள் அதை வேகமாக உடைத்து நீர்த்துப்போகச் செய்கின்றன. ஆகவே 45 அல்லது 50 டிகிரியில் கலந்துவிட்டு, அங்கிருந்து தீயால் 62 வரை ஏற்றுபவர், உடையாத பச்சை மாவு அடியில் படிந்திருக்கும் நேரத்தில், அது பசையாகும் வரம்பைத் தாண்டித் தீயை நடத்துகிறார். களி கிண்டும்போது கை வலிக்கும் அந்தக் கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 62 டிகிரியில் அரை மணி நேரம் ஊறிய மாஷ் அப்படியிருக்காது. துடுப்பைத் தூக்கினால் பாலைப்போல் ஒழுகும், அடியில் மாவு ஏறக்குறைய இராது. அங்கிருந்து 71, 76 என்று ஏற்றுவது எளிது.

இதனால் நான் எடுத்த முடிவு: முதல் வெப்பத்தை எப்போதும் தண்ணீரிலேயே கொடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகுள்ள படிகளுக்கு மட்டுமே தீ. இன்று கடைகளில் கிடைக்கும் மால்ட் நன்றாக முளைத்துப் பக்குவமானது. 50 டிகிரியில் புரதத்துக்கென்று ஒரு படி வைப்பதால் பீரில் ஆதாயம் எதையும் நான் கண்டதில்லை. பழைய புத்தகங்களில் இருக்கிறதே என்று அந்தப் படியைக் கடைப்பிடிப்பவர்கள்தான் அதிகம் அடிபிடிக்க வைக்கிறார்கள்.

அப்படியானால் முதல் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்?

ஒரு கிலோ மால்ட்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்ற எண்ணால் 0.41ஐ வகுத்து, வேண்டிய வெப்பத்துக்கும் மால்ட்டின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கி, வந்ததை வேண்டிய வெப்பத்தோடு கூட்டுங்கள். கோலாலம்பூரில் மால்ட் மூட்டை 30 டிகிரியில் இருக்கும். 4 கிலோவுக்கு 13 லிட்டர் என்றால், 62 டிகிரி மாஷுக்கு 66 டிகிரித் தண்ணீரும், 67 டிகிரி மாஷுக்கு 72 டிகிரித் தண்ணீரும் போதும். தண்ணீரை அதே அண்டாவில் சூடாக்குவதால் பாத்திரம் உறிஞ்சும் சூட்டுக்கென்று தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. குளிர்நாட்டுக் குறிப்புகளைப் பார்த்துத் தண்ணீரை இன்னும் இரண்டு டிகிரி கூட்டி வைப்பவர்கள் இங்கே வரம்பைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

எந்தப் பாத்திரம் நல்லது?

கனமான அடி உள்ளது. அலுமினியம் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும். மெல்லிய எவர்சில்வர் அண்டாவில் சூடு பக்கவாட்டில் பரவாமல், அடுப்பின் சுடர் படும் வட்டத்திலேயே தேங்கிவிடுகிறது. என் முதல் அண்டா அத்தகையது. கிள்ளான் லிட்டில் இந்தியாவில், பளபளப்பைப் பார்த்து மயங்கி வாங்கியது. அதன் அடியில் இன்றும் அடுப்பு வளையத்தின் அளவில் ஒரு பழுப்பு வட்டம் இருக்கிறது. பிரியாணிக்கு வைத்திருக்கும் தடித்த அலுமினியச் சட்டி, அல்லது எவர்சில்வருக்கு நடுவில் அலுமினியத் தகடு வைத்து அடித்த மூன்றடுக்கு அடி, இரண்டில் எதுவானாலும் சரி. 4 கிலோ மால்ட்டுக்கு 25 லிட்டருக்குக் குறையாத பாத்திரம் வேண்டும். கிண்டுவதற்கும் இடம் இருக்க வேண்டுமல்லவா?

மெல்லிய அண்டாதான் கையில் இருக்கிறது என்றால், தம் போடும்போது செய்வதைப்போல அதன் அடியில் ஒரு தடித்த இரும்புத் தோசைக்கல்லை வையுங்கள். சுடர் கல்லில் பட்டு, கல் முழுவதும் சூடேறி, அண்டாவின் அடி ஒரே சீராகக் காயும். ஆனால் தீயை அணைத்த பிறகும் கல்லிலிருந்து சூடு ஏறிக்கொண்டே இருக்கும். சாதாரணமாக ஒரு டிகிரி முன்னதாக அணைப்பவர் கல் வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி முன்னதாகவே அணைக்க வேண்டும். உங்கள் கல்லுக்கு எவ்வளவு என்பதை வெறும் தண்ணீரை வைத்து ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

தீ எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறினால் போதும். அதைவிட வேகம் வேண்டாம். நான் சொன்ன அளவுக்கு, நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்றால் கூழுக்குள் போக வேண்டியது ஏறத்தாழ 1 கிலோவாட்தான். வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் முழுத் தீயில் 4 கிலோவாட்டை ஒட்டி எரிகிறது, அதில் பாதிக்குக் குறைவாகத்தான் பாத்திரத்துக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டால், நடுத்தரத் தீயே சரியாக இருக்கும். 62லிருந்து 71 டிகிரிக்கு ஏற ஒன்பது அல்லது பத்து நிமிடம் ஆகும். தொடக்கத்தில் வெறும் தண்ணீரைச் சூடாக்கும்போது மட்டும் முழுத் தீ வைக்கலாம். குழாய்த் தண்ணீர் இங்கே 28 டிகிரியில் வருவதால், 13 லிட்டர் 72 டிகிரியைத் தொட இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும்.

திருமண வீட்டில் சமையல்காரர்கள் வைக்கும் உயர் அழுத்த அடுப்பு மாஷுக்கு ஆகவே ஆகாது. அதன் மிகக் குறைந்த தீயே நமக்கு அதிகம். மாஷை வடித்தெடுத்த பிறகு, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைப் போட்டுச் சாற்றைக் கொதிக்க வைக்கும்போது அதற்கு வேலை உண்டு. எந்த அடுப்பானாலும் சன்னல்களைத் திறந்து வையுங்கள். எரிவாயு தோம்பு அண்டாவின் சூடு படாத தொலைவில் இருக்கட்டும்.

எப்படிக் கிண்ட வேண்டும்?

இதற்கு நான் வேண்டுமென்றே நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அடிபிடித்த மாஷ்களில் பெரும்பாலானவை தீயினால் கெட்டவை என்பதைவிடக் கரண்டியினால் கெட்டவை என்றே சொல்லலாம். வட்டக் கரண்டியின் முனை அண்டாவின் அடியை ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. அதைக்கொண்டு எவ்வளவு சுழற்றினாலும் மேலே கூழ் சுற்றும், அடியில் மாவு அசையாமல் கிடக்கும். ஆடி மாதத்தில் கோயிலில் கூழ் ஊற்றும்போது பெரிய அண்டாக்களில் கிண்டுகிறவர்களின் கையைக் கவனியுங்கள். அவர்கள் பிடித்திருப்பது தட்டையான விளிம்புள்ள மரத்துடுப்பு. அதைச் சற்றுச் சாய்த்து, விளிம்பு முழுவதும் அடியை உரசும்படி ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்து, அங்கிருந்து மேலே தூக்கிப் புரட்டுகிறார்கள். மாஷுக்கும் அதுவே சரியான முறை. முதலில் அண்டாவின் ஓர வளைவைச் சுற்றி ஒரு முறை. பிறகு குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து இழுப்பு. பிறகு மீண்டும் ஓரம். ஒவ்வோர் இழுப்பும் முந்தையதன் மேல் பாதி ஏறிச் செல்ல வேண்டும், வாசல் பெருக்குவதைப்போல.

கையே சொல்லிவிடும். அடி சுத்தமாக இருக்கும்போது துடுப்பு வழுக்கிக்கொண்டு போகும், உலோகத்தில் மரம் உரசும் ஓசை கேட்கும். எங்காவது இழுவை கூடினால், அல்லது ஓசை மங்கினால், அந்த இடத்தில் மாவு ஒட்டத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே தீயை அணைத்துவிட்டு, அந்த இடத்தை மெதுவாகத் தேய்த்து எழுப்புங்கள். ஒட்டத் தொடங்கிய முதல் நிமிடத்தில் அது வந்துவிடும்.

தீ எரியும் வரை கை நிற்கக் கூடாது. தொலைபேசி அடித்தாலும், வாசலில் ஆள் வந்தாலும், முதலில் தீயை அணையுங்கள். என் முதல் அடிபிடித்த மாஷ் ஒரு பொட்டலம் வாங்கிக் கையெழுத்துப் போட்ட நேரத்தில் நடந்தது. திரும்பி வருவதற்குள் அம்மா சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, “என்னய்யா, கஞ்சி அடிபிடிச்சிருச்சா?” என்று கேட்டார். மாஷ் என்ற சொல்லை அவர் அன்றுவரை கேட்டதில்லை. வாசத்தைக்கொண்டே சரியாகச் சொல்லிவிட்டார்.

கிண்டும்போது காற்று புகுந்து பீர் கெடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். தெறிக்காமல், நுரைக்காமல் கிண்டினால் போதும். அடிபிடித்த மாஷின் கேட்டோடு ஒப்பிட்டால் அது பொருட்படுத்தத் தக்கதன்று.

67 டிகிரி வந்த பிறகு, சிறு தீயில் அப்படியே ஒரு மணி நேரம் வைத்திருக்கலாமா?

கூடாது. மிகச் சிறிய தீ தீங்கு செய்யாது என்று தோன்றும். ஆனால் கிண்டாத மாஷுக்கு அடியில் எரியும் எந்தத் தீயும் அந்த மாவு மெத்தையைத்தான் சுடுகிறது. தீ ஏற்றுவதற்கு மட்டும். நிறுத்தி வைப்பதற்குப் போர்வை.

நம் ஊர் வெயில் இங்கே நமக்கு உதவுகிறது. சமையலறை 30 டிகிரியில் இருந்தால், 67 டிகிரி மாஷுக்கும் வெளிக்காற்றுக்கும் வேறுபாடு 37 டிகிரிதான்; 20 டிகிரி அறையில் காய்ச்சுபவருக்கு அது 47. ஆகவே சூடு இழப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மூடி மட்டும் போட்ட என் அண்டா அரை மணி நேரத்தில் நான்கு டிகிரி வரை இறங்கியிருக்கிறது. பழைய கம்பளியை இரண்டு சுற்றுச் சுற்றி, மூடியின் மேல் ஒரு துண்டைப் போட்டால் ஒன்றரை டிகிரிக்கு மேல் இறங்குவதில்லை. அரை மணிக்கு ஒருமுறை கம்பளியை எடுத்துவிட்டு, இரண்டு நிமிடம் கிண்டியபடியே தீ காட்டினால் இழந்தது திரும்பிவிடும். கம்பளியை எடுத்த பிறகுதான் தீ என்பதை எழுத வேண்டியதில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் கம்பளியின் ஒரு முனை கருகிச் சுருண்டிருப்பதால் எழுதுகிறேன்.

ஒரே வெப்பத்தில் ஊறவிடும் சாதாரண மாஷாக இருந்தால், இங்குள்ள வெப்பத்தில் தீயே தேவைப்படாமல் போகவும் கூடும். ஒரு மணி நேரத்தில் 67லிருந்து 64க்கு இறங்குவதால் பீர் கெட்டுவிடாது.

வெப்பமானியை எங்கே வைப்பது?

எங்கே வைத்தாலும், கிண்டிய பிறகே அளக்க வேண்டும். அரை நிமிடம் நன்றாகப் புரட்டிவிட்டு, நடுவில் ஓரிடம், ஓரத்தில் ஓரிடம், அடிக்கு இரண்டு விரற்கடை மேலே ஓரிடம் என்று மூன்று இடத்தில் பாருங்கள். மூன்றும் ஒரு டிகிரிக்குள் இருந்தால் அந்த எண்ணை நம்பலாம். அண்டாவின் பக்கத்தில் துளையிட்டுப் பொருத்திய வட்ட வெப்பமானி அலங்காரத்துக்கு உதவும். தீ எரியும் நேரத்தில் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

வெப்பமானி சரியா என்பதை நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த குவளையில் 0 டிகிரியும், கொதிநீரில் 100 டிகிரியும் காட்டுகிறதா என்று பார்த்துச் சோதிக்கலாம். கோலாலம்பூரிலும் பினாங்குக் கரையிலும் 100 என்பது ஏறக்குறையச் சரியே. கேமரன் மலையில் வீடு வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தம் வெப்பமானி பழுது என்று இரண்டை மாற்றிவிட்டார். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும்.

வேண்டிய வெப்பத்தைத் தாண்டிப் போய்விட்டது. என்ன செய்வது?

தீயை அணைத்து, கிண்டிக்கொண்டே இருங்கள். கூடவே ஐஸைப் போடுங்கள். 67க்குப் பதில் 70 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என் அளவு மாஷில் அந்த மூன்று டிகிரியை இறக்க, குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டும், ஏனெனில் இங்கே குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. குளிர்பெட்டித் தண்ணீர் என்றால் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐஸ் என்றால் 300 கிராம் போதும், ஏனெனில் உருகுவதற்கே அது நிறைய வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். எல்லாம் பின்னால் ஒரு மணி நேரம் கொதிக்கப் போவதால் ஐஸின் தூய்மையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். குடிக்கத் தகுந்த நீரில் செய்ததாக இருந்தால் சரி. காய்ச்சும் நாளில் ஒரு பை ஐஸ் வாங்கி வைப்பது என் வழக்கம்.

72, 73 வரை ஏறி இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்கிவிட்டால் பீர் சற்றுக் கனமாக, இனிப்பாக வரும். வேறு குறை இராது. 80ஐத் தொட்டுவிட்டது என்றால் நொதிகள் பெரும்பாலும் போய்விட்டன. மாஷை 66 டிகிரிக்கு இறக்கி, புதிதாக நொறுக்கிய மால்ட்டை மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு சேர்த்து, மீண்டும் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். வேலை முடிந்ததா என்பதை ஒரு கரண்டிச் சாற்றை வெள்ளைத் தட்டில் விட்டு, ஒரு சொட்டு அயோடின் கலந்து பார்த்தால் தெரியும். கருநீலமானால் மாவுச்சத்து இன்னும் மிச்சம் இருக்கிறது. சோதித்த சாற்றைக் கொட்டிவிடுங்கள்.

துணிப்பையில் மால்ட்டைப் போட்டு மாஷ் செய்கிறேன். அப்போதும் தீ மூட்டலாமா?

பை அடியைத் தொடாமல் இருந்தால் மூட்டலாம். இட்லிக் கொப்பரையின் துளைத்தட்டைக் கவிழ்த்து அடியில் போட்டு, அதன் மேல் பை உட்காரும்படி செய்யுங்கள். சூடேற்றும்போது பையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து அசைத்துக்கொடுங்கள். மெல்லிய நைலான் துணி சூடான உலோகத்தில் அழுந்தினால் சுருங்கிப் பொத்தல் விழும்.

துளையிட்ட வடிதட்டைப் பாத்திரத்துக்குள் நிலையாகப் பொருத்தியவர்களுக்கு வேறு சிக்கல் உண்டு. தட்டுக்குக் கீழே துடுப்பு போகாது, ஆனால் மாவு துளை வழியே இறங்கிப் படியும். மேலே நீங்கள் எவ்வளவு கிண்டினாலும் கீழே அது கருகும். அத்தகைய பாத்திரத்தில், கீழிருந்து சாற்றை எடுத்து மேலே ஊற்றிச் சுழற்றும் பம்ப் இல்லாமல் தீ மூட்ட வேண்டாம். பம்ப் இல்லையென்றால் குழாயைத் திறந்து குவளை குவளையாகப் பிடித்து மேலே ஊற்றலாம். முதல் நான்கைந்து லிட்டர் கலங்கலாக வரும், அந்தக் கலங்கல்தான் அடியில் கருகியிருக்க வேண்டிய மாவு. அது தெளிந்த பிறகு சிறு தீ வைத்து, ஊற்றுவதை நிறுத்தாமல் தொடருங்கள்.

அடுக்குமாடி வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்புதான் இருக்கிறது.

பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். நம் 13 ஆம்பியர் பிளக்கில் அதிகபட்சம் 3 கிலோவாட்டுக்குள்தான் எடுக்க முடியும் என்பதால் சக்தியைப் பொறுத்தவரை மாஷுக்குத் தாராளம். கவனிக்க வேண்டியது வேறு: விலை குறைந்த இண்டக்‌ஷன் அடுப்புகள் குறைந்த அளவில் வைத்தாலும் தொடர்ந்து குறைவாக எரிவதில்லை, சில விநாடி பலமாக எரிந்து, சில விநாடி நின்று, சராசரியில் குறைவாக்குகின்றன. எரியும் அந்தச் சில விநாடியில் சுருளுக்கு நேர் மேலே உள்ள வளையம் கடுமையாகக் காயும். தடித்த அடியும் ஓயாத துடுப்பும் இங்கே இன்னும் அவசியம்.

அரிசி சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் மாஷ் அண்டாவில் பச்சையாகப் போட்டுத் தீயால் வேகவைக்க முயல வேண்டாம். பல அரிசி வகைகளின் மாவுச்சத்து பார்லியைவிட அதிக வெப்பத்தில்தான் வேகும். அந்த வெப்பத்துக்குப் போனால் மால்ட்டின் நொதிகள் போய்விடும், போகாமல் இருந்தால் அரிசி வேகாது. அரிசியை மின் சோற்றுப் பானையில் நிறையத் தண்ணீர் விட்டுக் குழைய வடித்து, ஆறவைத்து, மாஷில் கலந்துவிடுங்கள். ஆறவிடாமல் சூடாகக் கலந்தால் அதுவே மாஷை ஒரு படி ஏற்றிவிடும். எவ்வளவு ஏறும் என்பதை முன்னதாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அடியில் தீ மூட்டுவது பழங்காலத்து முறை, நல்ல மதுவாலைகள் செய்வதில்லை என்கிறார்களே?

பெரிய ஆலைகள் பெரும்பாலும் நீராவி உறை வைத்த பாத்திரங்களைப் பயன்படுத்துகின்றன. உள்ளே துடுப்பு இயந்திரத்தால் சுற்றும். சூட்டின் மூலம் மாறியிருக்கிறதே தவிர, கிண்டிக்கொண்டே சுவரின் வழியாகச் சூடு கொடுப்பது மாறவில்லை. செக் நாட்டின் பில்சன் நகரில் 1842இல் முதன்முதலில் காய்ச்சப்பட்ட பொன்னிறப் பீர் இன்றும் அங்கே மாஷின் ஒரு பகுதியைத் தனியே எடுத்து, தீயின் மேல் வைத்த செப்புக் கொப்பரையில் கொதிக்கவிட்டு, திரும்ப ஊற்றி வெப்பத்தை ஏற்றும் முறையில், அதையும் மூன்று முறை செய்து, காய்ச்சப்படுகிறது. வெப்பமானி இல்லாத காலத்தில் படிகளைப் பிசகாமல் ஏற அந்த முறை உதவியது: மூன்றில் ஒரு பங்கை எடுத்துக் கொதிக்கவிட்டு ஊற்றினால் மீதி எவ்வளவு ஏறும் என்பது பழக்கத்தில் தெரிந்துவிடும். வீட்டில் ஆசைக்கு ஒருமுறை செய்து பார்க்கலாம். கெட்டியான மாஷைக் கொதிக்க வைப்பதால் கிண்டும் வேலை இரட்டிப்பு.

இங்கே வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் இடம் தருகிறதா?

மதுபானத் தயாரிப்பு 1976ஆம் ஆண்டின் கலால் சட்டத்தின் கீழ் வருகிறது. அதை நடைமுறைப்படுத்துவது சுங்கத்துறை. தொடங்குமுன் அவர்களிடமே கேட்டு, உரிமம் தொடர்பான நிலையைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். காய்ச்சுவது என்ற சொல்லைக் கேட்டதுமே நம் பெரியவர்களுக்குத் தோட்டத்துச் சம்சுச் சாராயம் நினைவுக்கு வரும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் உள்ள எதுவும் வாலை வைத்து வடிப்பதைப் பற்றியதன்று. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

அடிபிடித்தே விட்டது. இனி என்ன?

சுரண்டாதீர்கள். அடிபிடித்த சோற்றை நம் வீடுகளில் எப்படிக் கையாளுவார்களோ அப்படியே: மேலே உள்ளதைக் கலக்காமல், அடியைத் தொடாமல், வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். 70 டிகிரிக் கூழ் தோலில் பட்டால் நொடியில் வெந்துவிடும்; ஆகவே அண்டாவைத் தூக்கிக் கவிழ்க்காமல், நீண்ட கைப்பிடியுள்ள மொள்ளுஞ்சட்டியால் மொண்டு ஊற்றுங்கள். பிறகு சாற்றை ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்துச் சுவைத்துப் பாருங்கள். தீய்ந்த சுவை தெரியாவிட்டால் தொடரலாம். லேசாகத் தெரிந்தால், கருநிறப் பீராக மாற்ற எண்ணிக் கருக வறுத்த மால்ட்டைச் சேர்ப்பவர்கள் உண்டு. நானும் ஒருமுறை செய்தேன், குடிக்கும்போது சிகரெட் சாம்பலின் நினைவு வந்தது. கொதிக்க வைத்தாலும், நொதித்தாலும், மாதக் கணக்கில் வைத்திருந்தாலும் அந்த வாசம் போகாது. தெளிவாகத் தெரிந்தால் அப்போதே கொட்டிவிடுவது ஹாப்ஸையும் ஈஸ்டையும் மிச்சப்படுத்தும்.

எவர்சில்வர் அண்டாவில் கருகிய அடி, சோடியம் பெர்கார்பனேட் கலந்த சுடுநீரில் இரவு முழுதும் ஊறினால் காலையில் ஏடு ஏடாக உரிந்து வரும். அலுமினியச் சட்டிக்கு அது ஆகாது, காரம் பட்டு உலோகம் கறுத்துவிடும். அதற்குத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, மரக்கரண்டியால் தள்ளித் தள்ளி எடுப்பதே வழி. கம்பி நாரால் தேய்த்துக் கீறல் விழுந்த அடியில் அடுத்த முறை மாவு இன்னும் எளிதாக ஒட்டும். என் பழைய அண்டாவின் பழுப்பு வட்டம் அப்படித்தான் நிரந்தரமானது. இப்போது அதில் தண்ணீர் மட்டும் சுட வைக்கிறேன்.